பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கப் போறீங்களா? நான் ஏமாந்தத படிச்சிட்டு அப்புறம் பணத்த அனுப்புங்க

மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. பழைய மேனுவல் மேக்ரோ லென்ஸ (சின்னத பெருசா காட்டுற, கையால ஃபோகஸ் பண்ற லென்ஸ்) ஒரு அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமரால மாட்டி பூச்சி, பூ, இலை நரம்புன்னு எடுக்கணும்னு ஆசைப்படுறவங்க இப்ப நிறைய பேர் இருக்கீங்க. நானும் அதே ஆசையிலதான் ஒண்ணு வாங்கினேன், நல்லா ஏமாந்துட்டேன். எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

நான் தேடிட்டு இருந்தது நிக்கானோட மைக்ரோ நிக்கோர் 55 எம்எம் எஃப்2.8, அப்பர்ச்சர் ரிங் (வெளிச்சம் போற ஓட்டைய கையால சின்னது பெருசு பண்ற வளையம்) உள்ள ஏஐ-எஸ் மாடல். 1980 வாக்குல வந்த லென்ஸ், நல்ல கண்டிஷன்ல கிடைச்சா இன்னைக்கும் அதோட ஷார்ப்னெஸ்ஸ பாத்து அசந்து போயிடுவோம். தனியா மாட்டினா 1:2 வரைக்கும்தான் போகும், அதாவது பொருளோட பாதி சைஸ் சென்சார்ல விழும். 1:1 வேணும்னா பிகே-13னு ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப் பின்னாடி போடணும், 27.5 எம்எம் நீளம், உள்ள கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய்தான். இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பழைய சாமான் விக்கிற ஒரு சைட்ல ஒருத்தர் போட்டிருந்தாரு. "55 எம்எம் மைக்ரோ, ஒரிஜினல் ட்யூபோட, ஃபுல் 1:1 மேக்ரோ, கண்ணாடி பளிச்சுனு இருக்கு, ஃபங்கஸ் கிடையாது"ன்னு எழுதி ஆறு போட்டோ. லென்ஸ் பாடில ஒரு கீறல் இல்ல, ரப்பர் கூட புதுசு மாதிரி இருந்துச்சு. மெசேஜ் பண்ணேன், உடனே பதில், "ப்ரோ என் சொந்த கலெக்‌ஷன், மனசே இல்லாமத்தான் குடுக்குறேன்"னாரு. சைட் வழியா பணம் கட்டினா அவங்க கமிஷன் புடிப்பாங்க, நேரா எனக்கே அனுப்புங்க கொஞ்சம் குறைச்சுக்கிறேன்னு சொன்னாரு, நானும் அனுப்பிட்டேன். அந்த சைட்ல பணம் கட்டியிருந்தா பொருள் சரியில்லன்னு சொல்லி திரும்ப கேக்க வழி இருந்துருக்கும். நேரா அனுப்பினதால அந்த வழியே அடைஞ்சு போச்சு. நான் பண்ண பெரிய தப்பு இதுதான்.

லென்ஸ் வந்துச்சு. ரூம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், கண்ணாடி சுத்தமாத்தான் தெரிஞ்சுது. ஃபோகஸ் ரிங் மட்டும் கொஞ்சம் கனமா சுத்துச்சு, ரொம்ப நாள் சும்மா கெடந்த லென்ஸ் அப்படித்தான் இருக்கும், சுத்த சுத்த லூசாகிடும்னு அவரே சொன்னாரு, நானும் நம்பிட்டேன். கேமரால லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழுற செட்டிங்க ஆன் பண்ணி, ஸ்டெபிலைசேஷனுக்கு 55னு கையால குடுத்து, ஃபோகஸ் பீக்கிங்கும் (ஃபோகஸ் ஆன ஓரத்த கலர்ல காட்டுறது) போட்டுட்டு, மறுநாள் காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி செடிகிட்ட போய் உக்காந்துட்டேன்.

ஒரு இலை மேல குட்டியா ஒரு குதிக்கிற சிலந்தி, முன்னாடி ரெண்டு பெரிய கண்ணு, அசையாம என்னையே பாத்துட்டு இருக்கு. இத விட நல்ல சான்ஸ் வராதுன்னு மூச்ச புடிச்சிட்டு பத்து இருபது ஷாட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன்ல போட்டா அந்த கண்ணு கருப்பா இல்ல, சாம்பலா இருக்கு. முடியெல்லாம் தெரியுது, ஃபோகஸ் சரியாத்தான் விழுந்துருக்கு, ஆனா படம் மேல பால் ஆடை படிஞ்ச மாதிரி ஒரு வெளுப்பு. பின்னாடி வெளிச்சம் இருந்த படத்துல எல்லாம் நடுவுல ஒரு வெள்ளைத் திட்டு வேற. ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற கிராஃப்) பாத்தா இடது ஓரத்த தொடவே இல்ல, அதாவது முழு கருப்புன்னு ஒரு புள்ளி கூட படத்துல இல்ல.

அப்ப எனக்கு லென்ஸ் மேல சந்தேகமே வரல. என் கை சரியில்ல, ஹூட் போடலன்னு நெனச்சேன். அப்புறம் அடாப்டர் உள்சுவர்ல வெளிச்சம் பட்டு எதிரொளிக்குதோன்னு கறுப்பு வெல்வெட் துணி வெட்டி உள்ள ஒட்டினேன். இது நிஜமாவே நடக்கும் விஷயம்தான், நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு, அதாவது லென்ஸ் மாட்டுற வாய்க்கும் சென்சாருக்கும் நடுவுல, 46.5 எம்எம் தூரம் வேணும், சோனி இ மவுண்ட்ல 18 எம்எம்தான், மிச்சம் 28.5 எம்எம்ம ஒரு வெத்துக் குழாய்தான் நிரப்புது, உள்ள பளபளன்னு இருந்தா வெளிச்சம் சிதறும். ஒட்டியும் ஒண்ணும் மாறல. இப்படியே மூணு வார லீவு நாள் போச்சு. செல்லர்கிட்ட கேட்டதுக்கு, "1:1 போனா வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் குறையும் ப்ரோ, மேக்ரோன்னா அப்படித்தான்"னு சொன்னாரு. ரெண்டு ஸ்டாப் குறையுறது உண்மை, அதாவது நாலுல ஒரு பங்கு வெளிச்சம்தான் வரும், எஃப்2.8 லென்ஸ் 1:1ல எஃப்5.6 மாதிரிதான் நடந்துக்கும். ஆனா வெளிச்சம் குறைஞ்சா படம் இருட்டாகும், இல்லன்னா ஷட்டர் ஸ்பீடு எறங்கும், கருப்பு எப்படி சாம்பலாகும்? பாதி உண்மைய சொல்லி வாய அடைக்கிற ஆளுங்ககிட்ட உஷாரா இருங்க.

கடைசியா ஒரு ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சிட்டு, அப்பர்ச்சர முழுசா தொறந்து, பின்பக்கம் இருந்து ஒரு எல்இடி டார்ச்ச கொஞ்சம் சாய்ச்சு அடிச்சு முன்னாடி இருந்து பாத்தேன். நேரா அடிச்சா தெரியாது, சாய்க்கணும். சாய்ச்ச உடனே அப்பர்ச்சருக்கு பக்கத்துல இருக்கிற கண்ணாடி முழுக்க மூடுபனி. குளிக்கிற ரூம் கண்ணாடில ஆவி படிஞ்ச மாதிரி ஒரே சீரா. ஓரத்துல மட்டும் ஒரு சின்ன வளையம் தெளிவா இருந்துச்சு. அப்பர்ச்சர மூடித் தொறக்குற பிளேடு மேல எண்ணெய் மினுமினுன்னு தெரிஞ்சுது.

இது ஃபங்கஸ் இல்ல, ஹேஸ். ஃபங்கஸ்னா சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளை விட்டு பரவியிருக்கும். ஹேஸ் அப்படி இல்ல, சீரா படியும், சாதா வெளிச்சத்துல கண்ணுக்கு மாட்டாது. ஃபோகஸ் த்ரெட்ல போட்ட கிரீஸ் வருஷக் கணக்குல எண்ணெயா பிரிஞ்சு பிளேடுக்கு வந்து, அங்கிருந்து ஆவியாகி கண்ணாடில படியுது. லென்ஸ் செஞ்சவங்கள குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நாப்பது வருஷம் ஆன கிரீஸ் அப்படித்தான் ஆகும், இந்த மாடல்ல பிளேடுல எண்ணெய் வர்றது பழைய லென்ஸ் பழகினவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமும் கூட. எனக்கு கோவம் எதுலன்னா, "ஃபங்கஸ் இல்ல"ன்னு அவர் எழுதினது உண்மை. ஹேஸ் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. போட்டோவ திரும்ப போய் பாத்தேன், கண்ணாடி தெரியுற எல்லா போட்டோலயும் அப்பர்ச்சர் நல்லா மூடி இருக்கு. மூடின பிளேடுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும்? தெரியாம இப்படி எடுத்துட்டாருன்னு என்னால நம்ப முடியல.

சரி ட்யூபாவது நல்ல ட்யூபான்னு பாக்கலாம்னு ஒரு ஸ்டீல் ஸ்கேல படுக்க வச்சு, ட்யூப மாட்டி, ஃபோகஸ் ரிங்க கடைசி வரைக்கும் சுத்தி, ஸ்கேல் தெளிவா தெரியுற தூரத்துக்கு கேமராவ நகத்தி ஒரு படம் எடுத்தேன். ஃபுல் ஃப்ரேம் சென்சார் அகலம் 36 எம்எம், அப்ப 1:1னா படத்தோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு ஸ்கேல்ல 36 எம்எம் தெரியணும், 1:2னா 72. எனக்கு தெரிஞ்சது கிட்டத்தட்ட 48. ரெண்டுலயும் சேரல. 36 வகுத்தல் 48, முக்கால். அப்பதான் ட்யூப கழட்டி திருப்பி பாத்தேன், அதுல பிகே-12னு பொறிச்சிருக்கு. அது 14 எம்எம் ட்யூப். லென்ஸ் தனியா பாதி குடுக்கும், 14அ 55ஆல வகுத்தா கால், மொத்தம் முக்கால், கணக்கு அப்படியே ஒத்துப் போச்சு. ஒரிஜினல் ட்யூப்தான், பொய் இல்ல, ஆனா இந்த வேலைக்கு உள்ள ட்யூப் இல்ல. லிஸ்டிங் போட்டோல பேரு எழுதின பக்கம் கீழ இருந்துச்சு.

ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃப்ரேம விட சின்ன சென்சார் உள்ளது) வச்சிருக்கவங்களும் இதே டெஸ்ட பண்ணலாம், உங்களுக்கு 1:1னா சுமாரா 24 எம்எம் தெரியும். கேனான்ல ஏபிஎஸ்-சி இன்னும் கொஞ்சம் சின்னது, 22 கிட்ட வரும். ஒரு ஸ்கேல் போதும், எந்த செல்லரோட வாய்ப்பேச்சையும் நம்ப வேண்டியதில்ல.

இந்த ட்யூப் விஷயத்துல நிறைய பேர் மாட்டுவீங்க. பழைய மேக்ரோல பெரும்பாலும் 1:2 லென்ஸ்தான், மிச்சத்துக்கு தனி சாமான் கூட வரும், காலப்போக்குல அது வேற எங்கயோ போயிடும், லென்ஸ் மட்டும் விலைக்கு வரும். கேனான் எஃப்டி 50 எம்எம் எஃப்3.5க்கு 25 எம்எம் ட்யூப். டாம்ரான் 90 எம்எம் எஃப்2.5ம் 1:2தான். விவிடார் சீரிஸ் 1ல உள்ள 90 எம்எம் எஃப்2.5க்கு வர்ற அடாப்டர்ல கண்ணாடியே இருக்கு, அந்த லென்ஸுக்குன்னே கணக்கு போட்டு செஞ்சது, அதுக்கு பதிலா சும்மா ஒரு குழாய குடுத்து "அதே தான் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கிரான் 105 எம்எம் எஃப்2.8 மாதிரி சிலதுதான் தானாவே 1:1 போகும். இது எதுவும் இல்லாம ஜூம் லென்ஸ் மேல மேக்ரோன்னு பொறிச்சிருப்பாங்க, அதுல பல லென்ஸ் நாலுல ஒரு பங்கு சைஸ் கூட தாண்டாது.

செல்லருக்கு டார்ச் போட்டோவும் ஸ்கேல் போட்டோவும் அனுப்பினேன். "டார்ச் அடிச்சா புது லென்ஸ்ல கூட தூசி தெரியும் சார்"னாரு. அதுவரைக்கும் ப்ரோவா இருந்த நான் அன்னைக்கு சார் ஆகிட்டேன். தூசி தெரியும்தான், நாலஞ்சு புள்ளி தூசியால படத்துக்கு ஒண்ணும் ஆகாது, நான் காட்டினது தூசி இல்ல, முழு கண்ணாடிய மூடின படலம். ட்யூப் பத்தி கேட்டதுக்கு "ட்யூப் குடுக்குறேன்னு சொன்னேன், குடுத்துட்டேன்ல"ன்னு ஒரு வரி. அதோட பதில் நின்னு போச்சு.

லென்ஸ் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். தொறக்குறதுக்கு முன்னாடியே கண்ணாடிய புடிச்சிருக்கிற ரிங்கோட பள்ளத்த காட்டி, "தம்பி, இத ஏற்கனவே யாரோ தொறந்துருக்காங்க, பாரு"ன்னாரு. சரியான டூல் இல்லாம எதையோ வச்சு திருகி, கறுப்பு பெயின்ட் உரிஞ்சு பித்தளை மின்னுது. யாரோ தொறந்து தொடைக்க பாத்துருக்காங்க, முடியாம அப்படியே மூடி வித்துட்டாங்கன்னு அவர் சொன்னாரு. இதுல ஃபோகஸ் பண்றப்ப கண்ணாடிக் கூட்டம் ரெண்டும் தனித்தனி அளவுல நகரும், அதனால ரெண்டு ஹெலிகாய்ட் (ஃபோகஸ் த்ரெட்), பழைய கிரீஸ கழுவி புதுசு போடுறது சின்ன வேலை இல்ல. ரெண்டு வாரம் வச்சிருந்து முடிச்சு குடுத்தாரு. ரிங் இப்ப வெண்ணெய் மாதிரி சுத்துது. ஹேஸ் முக்கால்வாசி போயிடுச்சு, மிச்சம் கோட்டிங்கையே அரிச்சிருக்கு, அத ஒண்ணும் பண்ண முடியாது தம்பின்னு நேர்மையா சொல்லிட்டாரு. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி எடுத்தா படம் நல்லா வருது, எதிர்வெளிச்சம்னா இன்னும் லேசா வெளுக்குது. பனித்துளிக்குள்ள பின்னாடி இருக்கிற பூ தெரியுற மாதிரி எடுக்கணும்னுதான் இந்த லென்ஸயே தேடினேன், அதுக்கு எதிர்வெளிச்சம்தான் வேணும்.

அதனால வாங்கப் போறவங்க தயவு செஞ்சு கூச்சப்படாம கேளுங்க. அப்பர்ச்சர் முழுசா தொறந்து, ரெண்டு மூடியும் கழட்டி, பின்னாடி இருந்து டார்ச் சாய்ச்சு அடிச்ச போட்டோ வேணும். ஃபோகஸ் ரிங்க ஒரு கடைசில இருந்து மறு கடைசி வரைக்கும் சுத்துற வீடியோ வேணும், அப்பர்ச்சர் ரிங்க திருப்பினா பிளேடு கூடவே நகருதான்னு அதுலயே காட்டச் சொல்லுங்க. ஆறு போட்டோ எடுத்தவருக்கு ஏழாவது போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. "பிளேடுல எண்ணெய் இருந்தா என்ன, மிரர்லெஸ்ல நீங்க கையாலதானே மூடப் போறீங்க"ன்னு சிலர் சொல்லுவாங்க. மூடுற வேகம் நமக்கு முக்கியமில்லங்கிறது சரிதான், ஆனா அந்த எண்ணெய்தான் நாளைக்கு கண்ணாடில ஏறி உக்காரும். "என்கிட்ட கேமரா இல்ல, டெஸ்ட் பண்ணல"ன்னு எழுதியிருந்தா, கெட்டுப் போன லென்ஸ்னு வச்சே விலை பேசுங்க. பணத்த சைட் வழியா மட்டும் கட்டுங்க.

நேத்து அதே ஆள் இன்னொரு மைக்ரோ லென்ஸ் போட்டிருக்காரு, அதே டேபிள், அதே துணி, கூடவே ஒரு ட்யூப். "ட்யூப்ல பேரு எழுதின பக்கம் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, அப்பர்ச்சர் தொறந்து டார்ச் அடிச்சு ஒரு போட்டோ"ன்னு வேற நண்பர் ஒருத்தர விட்டு கேக்கச் சொன்னேன். மெசேஜ பாத்துட்டாருன்னு காட்டுது. இன்னும் பதில் வரல.