சிங்கப்பூரா, தைபேயா: ஹாங்காங்கைக் காலி செய்தபோது போட்ட கணக்கு

ஹாங்காங்கைக் காலி செய்கிறோம் என்றதும் எல்லாரும் "சிங்கப்பூரில் எந்தப் பக்கம் வீடு?" என்றுதான் கேட்டார்கள். தைவானின் தைபே என்றேன். மதுரையில் இருக்கும் அத்தை போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அங்கதானடா சண்டை வரப்போகுதுன்னு டிவியில காட்டுறான்?" என்றார். அது 2022 ஆகஸ்ட். அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் அன்றைய தலைவர் நான்சி பெலோசி தைபேக்கு வந்துபோன மறுநாளே, தைவானைத் தன்னுடையது என்று சொல்லும் சீனா தீவைச் சுற்றி ஏவுகணை விட ஆரம்பித்திருந்தது. அத்தையைக் குறை சொல்ல முடியாது.

ஏன் கிளம்பினோம் என்பதை நீட்டப் போவதில்லை. 2019 போராட்டம், 2020 ஜூன் 30 தேசியப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் நீங்கள் படித்ததுதான். எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் 2021 ஜூனில், அரசை விமர்சித்து வந்த ஆப்பிள் டெய்லி நாளிதழின் கடைசி இதழ் வந்த அன்று, ஷாட்டினில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே பேப்பர் கடை வைத்திருந்த அம்மா எனக்கென்று ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்தார். எனக்குச் சீனம் சரளமாகப் படிக்க வராது என்று அவருக்குத் தெரியும். 10 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "நாமளும் கிளம்பற நேரம் வந்துடுச்சோ?" என்று கேட்டாள். 11 வருடம் இருந்த ஊர்.

சிங்கப்பூருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். சம்பளம் அங்கேதான் அதிகம், வரியும் குறைவு. தைவானில் உச்ச வரி விகிதம் 40 சதவீதம். சாப்பாடு, கோயில், லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய், இதிலெல்லாம் போட்டியே இல்லை. தைபேயில் கறிவேப்பிலை கிடைத்தால் அன்று வீட்டில் பண்டிகை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் பள்ளியிலேயே தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்திருப்பான். ரூபாய் நோட்டில் நம் எழுத்து இருப்பது போல டாலர் நோட்டிலும் தமிழ் இருக்கிற நாடு. அதை விட்டது இன்னும் உறுத்துகிறது. இப்போது சனிக்கிழமை காலையில் ஜூமில் தமிழ் வகுப்பு, பாதித் தூக்கத்தில்.

இவ்வளவு இருந்தும் ஏன் தைபே என்றால், ஒரே ஒரு விஷயம்தான். ஊரில் தங்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது.

சிங்கப்பூரில் எனக்கு வந்த வேலை இ.பி. எனப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸில். அந்தப் பாஸ் என் பெயரில் இருக்கும், ஆனால் நிறுவனம் எடுத்துக் கொடுப்பது. வேலை போனால் பாஸ் ரத்து. அதன்பின் பொதுவாக 30 நாள் தங்கவிடுவார்கள். அதற்குள் வேறு வேலை தேடு, இல்லையென்றால் கிளம்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த 30 நாளை எப்படிக் கழித்தார் என்று பார்த்திருக்கிறேன். காலையில் இன்டர்வியூ, மாலையில் சோபாவை வாங்க வருபவருடன் பேரம். மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

அதோடு, 2022 மார்ச்சில் காம்பஸ் என்ற மதிப்பெண் முறையை அறிவித்தார்கள். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இ.பி.க்கு 40 புள்ளி தேவை. அதில் ஒரு பகுதி, அந்த நிறுவனத்தில் உங்கள் நாட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்பது. நாலில் ஒருவர் இந்தியர் என்றால் அந்தப் பகுதியில் உங்களுக்குப் பூஜ்யம். என் துறை சரக்குக் கப்பல் மென்பொருள். அதில் இந்தியர் இல்லாத அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லைதான். விண்ணப்பிக்கலாம், ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், மறுத்தால் காரணம் சொல்வதில்லை. கிடைத்து மகனையும் அதில் சேர்த்தால், வயது வந்ததும் அவனுக்கு இரண்டு வருட ராணுவச் சேவை. அதைத் தப்பு என்று சொல்லவில்லை, அந்த ஊர் வழக்கம் அது. ஒன்பது வயதுப் பையனுக்காக நான் அன்று முடிவெடுக்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

தைவானில் 2018 முதல் கோல்டு கார்டு என்று ஒன்று உண்டு. விசா, வேலை அனுமதி, வசிப்பு அட்டை, மறுநுழைவு எல்லாம் ஒரே அட்டையில். இதை எந்த நிறுவனமும் வாங்கித் தர வேண்டாம். மாதச் சம்பளம் 1,60,000 தைவான் டாலர் இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் ஒரு வழி திறக்கும், நான் அந்த வழியில்தான் வந்தேன். வேலை கையில் இல்லாமலே வரலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். 2021 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி, இந்த அட்டைக்காரர்கள் 3 வருடத்திலேயே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள், ஆண்டுக்குச் சராசரி 183 நாள் இருந்தால் போதும். எண்ணிப் பார்க்கக்கூடிய விதி. எண்ணினேன், 2025 கடைசியில் நிரந்தர வசிப்பு அட்டை வந்தது. இனி 5 வருடம் தொடர்ந்து வெளியில் இருந்தால்தான் அதற்கு ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. நான் இந்திய பாஸ்போர்ட்டோடு வந்தவன். ஹாங்காங் பாஸ்போர்ட்காரர்களுக்கு வேறு சட்டம், வேறு வரிசை. பழைய அலுவலகத் தோழி ஒருத்தி முதலீட்டு வழியில் வந்தாள். பிறந்தது சீனாவின் குவாங்சோவில் என்பதால் அவளிடம் கேள்வி மேல் கேள்வி. ஹாங்காங்கிலிருந்து பயந்து வந்தவளுக்கு இங்கே சந்தேகப் பார்வை. அவள் போட வேண்டியது வேறு கணக்கு.

சரி, போர்? பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இங்கே வந்தபின் முதல் ஜூலை மாதத்தில் வான்தாக்குதல் தற்காப்பு ஒத்திகை. மதியம் ஒன்றரைக்கு எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது, சைரன் ஊதியது, பஸ்கள் ஓரம் கட்டின. அரை மணி நேரம் தெருவில் ஈ காக்கை இல்லை. பக்கத்து மேசைக்காரர் பன்னிரண்டே முக்காலுக்கே சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். "இல்லாட்டி கடைக்குள்ள மாட்டிக்குவோம்" என்றார். எங்களை நிஜமாகவே உலுக்கியது 2024 ஏப்ரல் 3 காலை வந்த ஹுவாலியன் நிலநடுக்கம்தான். ரிக்டர் 7.2. புத்தக அலமாரி சாய்ந்தது. அன்றிலிருந்து வாசலில் ஒரு பை இருக்கிறது. தண்ணீர், டார்ச், பாஸ்போர்ட் நகல், மாத்திரை. சேமிப்பில் பாதிக்கு மேல் தீவுக்கு வெளியே வைத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்த வீடு, தொழில் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறவர் நீங்கள் என்றால் என் தைரியத்தை நம்பி வராதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரு வேடிக்கை. சீன எழுத்தில் ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய எழுத்துமுறை, சிங்கப்பூரில் எளிமையாக்கியது. அதனால் மகனுக்கு இங்கே சுலபம் என்று நினைத்தேன். பலகையைப் பார்த்ததும் பொருள் சொல்லிவிடுவான், வாயைத் திறந்தால் ஹாங்காங்கின் கான்டனீஸ், இங்கே பேசுவதோ மாண்டரின். மாண்டரின் உச்சரிப்புக்காகப் பிள்ளைகள் முதல் வகுப்பில் கற்கும் 37 ஒலிக்குறிகளை இவன் நாலாம் வகுப்பில் உட்கார்ந்து கற்றான். ஆறு மாதம் பள்ளியில் அவன் அதிகம் பேசவில்லை. இப்போது என் மாண்டரினைத் திருத்துகிறான்.

சிங்கப்பூரில் நான் சேர்ந்தாற்போல் இருந்தது ஒரு புராஜெக்டுக்காக ஆறு வாரம், அதுவும் ஹோட்டலில். அங்கே குடும்பம் நடத்துவது எப்படி என்று அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். நாங்கள் கணக்குப் போட்டபோது மனைவியின் வேலைக்கு இரண்டு ஊரிலும் ஒரே தலைவலி, துணைவருக்கான அனுமதியை வைத்து மட்டும் வேலை பார்க்க முடியாது, வேலை அனுமதியைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

ஹாங்காங் நிரந்தர உரிமையையும் விடவில்லை. சீனக் குடிமகன் அல்லாதவர் தொடர்ந்து 36 மாதம் அந்தப் பக்கம் போகாவிட்டால் அது போய்விடும், அதனால் 2025 மே மாதம் மூன்று நாள் போய்வந்தோம். விமான நிலையத்தில் பழைய அட்டையைச் செருகிக் கட்டைவிரலை வைத்தேன், கதவு திறந்தது. ஷாட்டினில் அந்த அம்மா இன்னும் கடை வைத்திருக்கிறார். பேப்பர் ஒரு ஓரத்துக்குப் போய், குடையும் டிஷ்யூ பாக்கெட்டும்தான் முன்னால் இருந்தன. மகன் கான்டனீஸில் இரண்டு குடை கேட்டான்.