சத்துவாச்சாரி தமிழ் இலக்கண வகுப்பு: ஒரு மதிப்பீடு

வேலூர் சத்துவாச்சாரியில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் என் மகளைச் சேர்த்ததற்குக் காரணம், அங்கே இலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லாமல், மக்கள் பேசும் மொழியிலிருந்தே விதிகளைக் கண்டறியச் செய்கிறார்கள் என்பதுதான். ‘நான் வருவேன், அவள் வருவாள்’ என வினைமுற்று மாறும்போது, ‘எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்’ என்பதில் மட்டும் அது ஏன் மாறவில்லை என்று ஆசிரியர் கேட்டார். பிள்ளைகளே ‘பிடிக்கும்’, ‘புரியும்’ ஆகியவற்றையும் அந்த வரிசையில் சேர்த்து, இவற்றில் ஆளைக் குறிக்கும் சொல் நான்காம் வேற்றுமை ஏற்று வருவதைக் கண்டுபிடித்தனர். நம் பக்கத்து ‘வந்துக்கினு’ இங்கே கேலிக்குரியதன்று. ‘வந்துகொண்டு’ என்பதன் பேச்சு வடிவமாகவே கரும்பலகையில் இடம்பெறுகிறது. பழையன கழிதலையும் புதியன புகுதலையும் வழுவாகக் கருதாத நன்னூல் மரபுக்கு இது முற்றிலும் இசைவானது என்பது என் உறுதியான கருத்து. சந்திப் பயிற்சி மட்டும் போதவில்லை. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதற்குத் தனியே உழைக்க வேண்டியிருக்கும்.