நம்ம கடலோர போர் தண்ணிக்கு வாட்டர் சாஃப்ட்னர் வாங்கலாமா? ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கத்துல இருந்து ரிவியூ

மோட்டர்ல இருந்து மாடி டேங்குக்கு ஏறுற லைன்ல வைக்கிற சாஃப்ட்னர், 25 லிட்டர் ரெசின், வால்வ கையால திருப்புற மாடல், இதுதான் எங்க வீட்டுல ஓடுது. மண்டபம், கீழக்கரை, ஏர்வாடின்னு நம்ம பக்கம் இருக்குறவங்க வாங்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுருங்க, ஏன்னா கடையில சொல்ற கணக்கு வேற, நம்ம ஊரு தண்ணி வேற.

எங்க போர்ல ஹார்ட்னஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற கால்சியம், மெக்னீசியத்தோட அளவு, லிட்டருக்கு 700 மில்லிகிராம் பக்கம் (குடிதண்ணிக்கே 200தான் நல்லது, வேற வழி இல்லன்னா 600 வரைக்கும்னு இந்திய தர அளவு). சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையா திப்பி படியும், ஷவர் ஓட்டை அடைச்சுக்கும், கெய்சர் காயில கழட்டுனா சுண்ணாம்பு பாளம் பாளமா உதிரும். சாஃப்ட்னர் போட்டப்புறம் டெஸ்ட் கிட்ல செக் பண்ணோம், போர் தண்ணில பவுடர் போட்டதும் ஒயின் கலர்ல சிவந்துச்சு, அது நீலமாக சொட்டு சொட்டா மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும், சாஃப்ட்னர் தண்ணி பவுடர் போட்ட உடனேயே நீலம், ஒரு சொட்டு கூட தேவைப்படல. துணிப்பவுடர் பாதி போதும், அம்மா தலைக்கு ஊத்திட்டு வந்து "முடி சிக்கே இல்லடா"ன்னாங்க. இந்த விஷயத்துல முழு மார்க்.

உள்ள இருக்குற ரெசின்ங்கிறது கடுகவிடச் சின்னதா தேன் கலர் பிளாஸ்டிக் மணிங்க. அதுல நெகட்டிவ் சார்ஜ் நிரந்தரமா இருக்கு, அத சோடியம் ஒட்டிக்கிட்டு இருக்கும். கால்சியம், மெக்னீசியத்துக்கு சார்ஜ் ரெண்டு, சோடியத்துக்கு ஒண்ணுதான், அதனால ரெசின் கால்சியத்த பிடிச்சுக்கிட்டு சோடியத்த தண்ணில விட்டுரும். ரெசின் நிறைஞ்சதும் 10 சதவீத உப்புத் தண்ணி விட்டா சோடியம் கூட்டமா வந்து கால்சியத்த தள்ளி விட்டுரும், ரெசின் பழையபடி ரெடி. ஆராய்ச்சி லேப்ல புரோட்டீன்கள சார்ஜ வச்சு பிரிக்கிறதும் இதே வேலைதான், பிடிக்க விட்டு அப்புறம் உப்ப கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போனா லேசா ஒட்டுனது முதல்ல வரும், இறுக்கி ஒட்டுனது கடைசியா வரும்.

இப்ப முக்கியமானது. கடையில "அண்ணே, இத போட்டா உப்பெல்லாம் போயிரும்"னு சொல்லுவாங்க. போகாது. ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண விடுது, அவ்வளவுதான், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) மீட்டர் வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட முன்னாடி இருந்த அதே நம்பர்தான் காட்டும். நம்ம ஆளுங்க டிடிஎஸ் குறையலன்னு மிஷினையே குறை சொல்றாங்க, அது மிஷின் தப்பு இல்ல, விக்கிறப்ப உண்மைய சொல்லாததுதான் தப்பு, எனக்கு கோவமே அதுலதான்.

அடுத்து, ஒரு தடவ உப்பு போட்டா 4000 லிட்டர் வரும்னு கடையில சொல்ற கணக்கு. ஒரு லிட்டர் ரெசின் சுமாரா 50 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும், 25 லிட்டருக்கு 1250 கிராம். ஹார்ட்னஸ் 300 உள்ள ஊர்ல அது 4000 லிட்டர் தாண்டி வரும், எங்க 700க்கு 1800 லிட்டர்ல முடிஞ்சுரும். அஞ்சு பேர் வீடுன்னா ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா உப்பு போடணும், ஒவ்வொரு தடவையும் மூணு நாலு கிலோ. ஆட்டோமேட்டிக் வால்வு வாங்க காசு இருந்தா வாங்கிருங்க, இத கையால திருப்ப வீட்டுல ஒரு ஆள் எப்பவும் இருக்கணும்.

வாலிநோக்கம் பக்கத்து கல்லுப்பு மலிவா கிடைக்கும், ஆனா கடலுப்புல மண்ணு ஒட்டிக்கிட்டு வரும், டிரம்ல கரைச்சு ராத்திரி தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் எடுங்க. ரெசின கழுவி வெளிய வர்ற உப்புத் தண்ணிய தென்னைக்கு விட்டுறாதீங்க, மரம் கருகிரும்.

குடிக்க இது வேண்டாம், எங்க அளவுக்கு லிட்டருக்கு 320 மில்லிகிராம் சோடியம் கூடுதலா ஏறும், பிரஷர் இருக்குறவங்களுக்கு ஆகாது. குடிக்க, சமைக்க காவேரி தண்ணிதான், அது வராத அன்னைக்கு தள்ளுவண்டியும் குடமும்தான், அதுல ஒண்ணும் மாறல.

கடலுக்கு ரொம்ப கிட்ட, வாயில வச்சாலே கரிக்கிற போர் வச்சிருக்குறவங்க இத வாங்காதீங்க. அந்தத் தண்ணில சோடியமே எக்கச்சக்கம், அது ரெசின்ல கால்சியத்தோட போட்டி போடும், ஹார்ட்னஸ் சரியா இறங்காது. உங்களுக்கு ஆர்ஓதான் வழி. மத்தவங்க போர் தண்ணிய லேப்ல குடுத்து ஹார்ட்னஸ், டிடிஎஸ், இரும்பு மூணும் பாத்துட்டு அந்தப் பேப்பரோட கடைக்குப் போங்க.