ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நடத்தும் தலைமைப் பயிற்சி: முதல் நாள் பொன், இரண்டாம் நாள் பித்தளை

எங்கள் பம்புத் தொழிற்சாலையின் ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் 24 பேருடன், ஓய்வுபெற்ற தரைப்படை அதிகாரிகள் மூவர் நடத்தும் இரண்டு நாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். விடியற்கால ஓட்டமும் விசில் சத்தமுமாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி எதுவும் இல்லை.

படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் வரும் குழுப் பணியோடு முதல் நாள் தொடங்கியது. ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தரையில் கால் படாமல் தடைகளைத் தாண்டிச் சுமையை அக்கரை சேர்க்க வேண்டும். தலைவர் இன்னார் என்று எவரும் நியமிப்பதில்லை. எங்கள் மூத்த மேற்பார்வையாளர் உரத்த குரலில் ஆணையிட்டுக்கொண்டிருக்க, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண்ணொருவர் பலகையோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி வழியைக் காட்டினார்.

அதைவிடப் பயனுள்ளது பணி முடிந்தபின் நடந்த மீளாய்வு. 1970களில் அமெரிக்கத் தரைப்படையில் உருவாகி, கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில் வேரூன்றிய முறை அது. என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வது என்ற கேள்விகளுக்குப் பதவி பாராமல் எல்லோரும் விடை சொல்ல வேண்டும். தம் சத்தத்தால்தான் நேரம் வீணானது என்று மூத்தவர் தாமே சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஊர் திரும்பியபின் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் 10 நிமிடம் இதைச் செய்து பார்த்தோம். வரைபடம் மாறிய செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேராததால்தான் ஒரு பாகம் திரும்பத் திரும்பக் கழிபட்டது என்பது மூன்றாம் வாரத்தில் தெரியவந்தது.

இரண்டாம் நாளின் மனஉறுதி வகுப்பு ஏமாற்றம். அமெரிக்கத் தரைப்படை 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துடன் இணைந்து இத்தகைய பயிற்சியைத் தொடங்கியபோது, பயிற்றுநராகப் போகும் சார்ஜெண்டுகளுக்கே 10 நாள் வகுப்பு நடத்தியது. இங்கே ஒன்றரை மணி நேரத்தில் மூச்சுப் பயிற்சியும் சில படக்காட்சிகளும் காட்டி முடித்துவிட்டார்கள். படைவீரரின் உறுதிக்குப் பின்னால் ரெஜிமென்ட் இருக்கிறது, குடும்பத்துக்கு மருத்துவமனை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியிடம் அவை எதுவுமின்றி உறுதியை மட்டும் எதிர்பார்ப்பது எப்படி என்று கேட்டேன். விடை மழுப்பலாகவே வந்தது. (மதிய உணவின்போது, எல்லோரும் சாப்பிட்டபின்பே தட்டெடுத்த அந்த அதிகாரிகளின் வழக்கம் வகுப்பைவிட அதிகம் சொன்னது.)

அடுத்த அணிக்கு முதல் நாள் பயிற்சி மட்டும் போதும், கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறோம்.