கோடைக்கு எந்த ஷார்ட்ஸ்? பருத்தி, லினன், பாலியஸ்டர், கார்கோ: ஓர் அலசல்

வெயில் காலத்துக்காக ஆண்கள் உடையில் செய்யக்கூடிய மாற்றங்கள் கொஞ்சம்தான். சட்டைக் கையைக் குறைக்கலாம், துணியை மெல்லிசாக்கலாம். அதைவிடப் பெரிய நிம்மதி முழு பேண்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஷார்ட்ஸுக்கு மாறுவதில் இருக்கிறது. ஆனால் எந்த ஷார்ட்ஸ்? மடித்து வைத்திருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். போட்டுக்கொண்டு வெயிலில் அரை மணி நேரம் நடந்தால்தான் வித்தியாசம் புரியும். நிறம், பிராண்டு எல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியவை துணியும் நீளமும் என்பது என் உறுதியான எண்ணம்.

துணியிலிருந்து வருவோம். ஓர் இழை காற்றிலிருக்கும் ஈரத்தை எவ்வளவு உள்வாங்கும் என்பதற்கு ஜவுளித் துறையில் ஓர் அளவு உண்டு. இழையின் உலர் எடையில் பருத்திக்கு அது சுமார் 8.5 சதவீதம், ஆளிச் செடியின் நாரில் செய்யும் லினனுக்கு 12, பாலியஸ்டருக்கு வெறும் 0.4. கோடை உடையின் பாதிக் கதை இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது. அது துணியின் மேற்பரப்பில் பரவி, காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும். அதனால் ஓடவும் விளையாடவும் இதைவிட நல்ல ஷார்ட்ஸ் கிடையாது. அதையே போட்டுக்கொண்டு காற்றில்லாத அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஈரம் போக வழியில்லாமல் துணி தொடையோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை நாற்றமும் இதில் சீக்கிரம் பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போக அடம்பிடிக்கும். ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டிய உடை இது. நாள் முழுக்கப் போடுவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பருத்தியில் பெரும்பாலும் கிடைப்பது சைனோ ஷார்ட்ஸ். ட்வில் நெசவில் செய்தது. கிட்டத்தில் பார்த்தால் துணியில் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். நன்றாக உழைக்கும், இஸ்திரி போட்டால் நிற்கும், டி-ஷர்ட்டுக்கும் காலர் சட்டைக்கும் பொருந்தும். குறை ஒன்று உண்டு: வியர்வையைக் குடிக்கிற அளவுக்கு வேகமாக அது காயாது. புழுக்கமான நாளில் இடுப்புப் பட்டி நனைந்து கனத்துப்போகும். அதனால் சைனோ வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் லேசாகவாவது ஊடுருவினால் கோடைக்கு ஆகும். அட்டைபோல அடைத்துக்கொண்டு நின்றால் அது வேறு பருவத்துக்கான துணி.

லினன் ஈரத்தை நிறைய வாங்கி, சட்டென்று வெளியே விட்டுவிடும். இழை விறைப்பாக இருப்பதால் துணி உடம்போடு ஒட்டாமல் தள்ளி நிற்கும், இடையில் காற்று ஓடும். வெயிலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. கசங்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். உண்மைதான், ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே மடியில் சுருக்கங்கள் விசிறிபோல விரியும். ஆனால் லினனுக்கு அந்தக் கசங்கல் அழகு. அதைச் சகிக்க முடியாதவர்கள் பருத்தியும் லினனும் கலந்த துணிக்குப் போகலாம். சுருக்கம் குறையும், குளுமை பெரும்பகுதி மிஞ்சும்.

சீர்சக்கர் என்று ஒரு துணி உண்டு, பலர் கண்டுகொள்வதில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் ஒரு வரிசையை இறுக்கமாகவும் அடுத்ததைத் தளர்வாகவும் விட்டு நெய்வதால் துணியே மேடுபள்ளமாக இருக்கும். தோலில் முழுதாகப் படியாது, இஸ்திரியும் வேண்டாம். கிடைத்தால் விடாதீர்கள். டெனிம் ஷார்ட்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கனம், தடித்த தையல், காய நேரமாகும்.

கார்கோவுக்கு வருவோம். தொடையில் பெரிய பை வைக்கும் வழக்கம் 1938 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவச் சீருடையில் வந்தது. வரைபடம் வைக்க அது சரி. இன்று அதில் போனைப் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் இடிக்கும். மலையேற்றத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் பைகள் உதவும், மற்ற நாட்களில் அது கூடுதல் துணி, கூடுதல் சூடு.

இனி நீளம். கவட்டைத் தையலிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்ள அளவைத்தான் இன்சீம் என்கிறார்கள். 5, 7, 9, 11 அங்குலங்களில் கிடைக்கும். நடுத்தர உயரக்காரர்களுக்கு 7 கச்சிதம், உயரமானவர்களுக்கு 9. குள்ளமானவர்கள் நீளமாகப் போட்டால் கால் இன்னும் குட்டையாகத் தெரியும், அவர்களுக்குச் சற்றுக் குறைவான அளவே எடுப்பு. 5 அங்குலம் இப்போது பரவலாகத் தென்படுகிறது. ஆனால் தொடை பருத்தவர்களுக்கு நடக்க நடக்க அது மேலேறும், உள்தொடை உரசிப் புண்ணாகும். அவர்கள் தயங்காமல் 9 எடுக்கலாம். 11 முழங்காலை மூடிவிடும். அதற்கு மெல்லிய முழு பேண்ட்டே மேல். கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தாலும் தளர்வான லினன் பேண்ட்டுக்குத்தான் என் ஓட்டு, ஏனென்றால் அது தோலுக்கு நிழல்.

ஷார்ட்ஸ் மரியாதைக் குறைவு என்ற பேச்சு எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. பெர்முடா தீவில் பிளேசர், டை, முழங்கால் வரை சாக்ஸ் அணிந்து ஷார்ட்ஸோடு அலுவலகம் போகிறார்கள். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வீரர் பன்னி ஆஸ்டின் ஷார்ட்ஸ் போட்டு டென்னிஸ் ஆடியது புதுமையாக இருந்தது. இன்று அதுவே வழக்கம். ஆனாலும் 2017 ஜூன் வெயிலில், ஷார்ட்ஸுக்கு அனுமதி இல்லாததால் பிரான்ஸின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்களும் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஒரு பள்ளி மாணவர்களும் பாவாடை அணிந்து எதிர்ப்பைக் காட்ட வேண்டியிருந்தது. நன்றாகத் தைத்த, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் ஷார்ட்ஸில் யாருக்கும் அவமரியாதை இல்லை. வெயிலில் வேலை செய்பவருக்கு அதை மறுப்பது நியாயமே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் மெல்லிய பருத்தி சைனோ, 7 அங்குலம், காக்கி அல்லது நேவி. இரண்டாவதற்கு இடமிருந்தால் லினன். வாங்கும் முன் போட்டு உட்கார்ந்து பாருங்கள்: இடுப்பு அழுத்தக் கூடாது, விளிம்புக்கும் தொடைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.