காஞ்சனாவும் செல்வியும்: பழிவாங்க வந்த இரண்டு ஆவிகள்

2011 ஜூலையில் வெளியான ‘காஞ்சனா’வையும் 2014 செப்டம்பரில் வெளியான ‘அரண்மனை’யையும் அண்மையில் அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் பார்த்தேன். இரண்டிலும் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவர் ஆவியாகத் திரும்பி, உயிரோடிருப்பவரின் உடலில் புகுந்து கணக்குத் தீர்க்கிறார். அவற்றை முறையே இயக்கிய ராகவா லாரன்ஸும் சுந்தர் சியும் தத்தம் படத்தில் முக்கிய வேடமும் ஏற்றிருக்கிறார்கள். கோவை சரளாவும் ராய் லட்சுமியும்கூட இரண்டிலும் உண்டு. ஆயினும் படம் முடிந்தபின் நெஞ்சில் தங்கியவர் காஞ்சனாதான், ‘அரண்மனை’யின் ஆவியான செல்வி அல்ல. அதற்கான காரணம், சிரிப்பை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

‘காஞ்சனா’வில் பேய்க்குப் பயப்படுபவனும் பேய் பிடிக்கப்படுபவனும் ஒருவனே, லாரன்ஸ் நடித்த நாயகன். பயம் வந்தால் தாயின் இடுப்பில் தாவி ஏறிக்கொள்ளும் அந்த வளர்ந்த பிள்ளையைப் பார்த்து முதல் பாதியில் சிரிக்கிறோம். அதே உடலில் காஞ்சனா வந்து நிற்கும்போது, சிரித்த வாய் தானாக மூடிக்கொள்கிறது. வீட்டில் பேய் இருக்கிறதா என்று கோவை சரளாவும் தேவதர்ஷினியும் தேங்காயை வைத்துச் சோதிக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, தேங்காய் அசையக்கூடாதே என்று கண்ணிமைக்காமல் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில், பயம் எங்கே முடிகிறது, சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

அதன்பின் வரும் முன்கதையில் சரத்குமார் காஞ்சனா என்னும் திருநங்கையாக நடித்திருப்பது, அன்றைய நிலையில் ஒரு முன்னணி நடிகருக்குத் துணிச்சலான முடிவு. பெற்ற வீடு கைவிட்ட காஞ்சனா, தன்னைப் போலவே கைவிடப்பட்ட இன்னொரு திருநங்கையை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்கவைக்கிறார். ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டுவதற்காக வாங்கிய நிலத்தை அரசியல்வாதி ஒருவன் அபகரிக்க, அதைத் தட்டிக் கேட்டதற்காகக் கொல்லப்படுகிறார். தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008இல் அமைந்தது. அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, திரையரங்கு நிறைந்த கூட்டம் ஒரு திருநங்கையின் வெற்றிக்காகக் கைதட்டியது சிறிய செய்தி அன்று. குறையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆணொருவன் புடவைக்கும் வளையலுக்கும் ஆசைப்படுவதைக் காட்டி முதலில் சிரிக்கவைத்துவிட்டு, அதே கேலியால் புண்பட்டவருக்காகப் பின்னர் கண்ணீர் கேட்கிறது படம். இந்த முரண்பாடு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

‘அரண்மனை’யின் வேர் பழையது. கணவனின் முன்னாள் காதலி ஆவியாகி மனைவியின் உடலில் புக, மனைவியின் அண்ணன் தங்கையை மீட்கப் போராடுவது 1978இல் ரஜினிகாந்த் நடித்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ படத்திலேயே வந்துவிட்டது. அதற்காக இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மனைவியாக வரும் ஆண்ட்ரியா பெரிதாகக் கத்தாமல், பார்வையை மட்டும் மாற்றிக்கொண்டு வேற்றாளாகத் தெரிவது இரண்டு படங்களிலும் உள்ள நல்ல நடிப்புகளில் ஒன்று. சந்தானத்தின் நகைச்சுவையும் விறுவிறுப்பாகவே போகிறது. ஆனால் அது தனி அறையில் நடக்கிறது. அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் செல்வியின் கதை அப்படியே நிற்கும். செல்வியின் கதையை எடுத்துவிட்டாலும் அந்தச் சிரிப்பு குறையாது. ஒன்று மற்றொன்றைத் தொடாததால், ஹன்சிகாவின் செல்வி எப்படிக் கொல்லப்பட்டாள் என்று தெரியவரும்போது, நாம் இன்னும் முந்தைய சிரிப்பின் மிச்சத்திலேயே இருக்கிறோம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து, கலகலப்பாக இரண்டரை மணி நேரம் போகவேண்டும் என்பவர்களுக்கு ‘அரண்மனை’ போதும். ஆவிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதற்காகவே இவ்வகைப் படங்களைப் பார்க்கும் எனக்கு, ‘காஞ்சனா’வே முதலில் நிற்கிறது. ஒன்றில், கொலைகாரர்களைப் பழிவாங்கிய பிறகும் தான் காதலித்தவனோடு வாழ ஆசைப்படும் செல்வியை விரட்டவே தெய்வத்தின் துணையை நாடுகிறார்கள். மற்றதில், கொலைகாரன் கோயிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள, ஆவியாக நிற்கும் காஞ்சனா வாசலில் நின்று தனக்கு நேர்ந்ததைச் சொல்லித் தெய்வத்திடமே நியாயம் கேட்கிறார்; தெய்வம் அவரை உள்ளே விடுகிறது.