லேபிள் இல்லாத ‘பாங்கோ’ பாக்கெட்: கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனிக்கவும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது சமீபத்தில் வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, மேலே ‘பாங்கோ’ என்று ஒட்டுச்சீட்டு மட்டும் போட்ட பிரெட் தூள் வாங்கியிருந்தால், அதைச் சமைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் வேர்க்கடலை, முந்திரி சேராத பிள்ளை இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. கேக் சாமான், மசாலா, ஃப்ரோசன் ஐட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை. கோகோ பவுடர், ஈஸ்ட் எல்லாம் நான் அங்கேதான் வாங்குவேன். இப்போது நம் ஊரிலும் பாங்கோ கேட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் அங்கே சிக்கன் கட்சு (பிரெட் தூளில் புரட்டிப் பொரிக்கும் ஜப்பான் சிக்கன்) சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டில் கேட்கிறார்கள். கம்பெனி பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது ஸ்டாக் இல்லக்கா. இதுவும் அதே சரக்குதான், மூட்டையில வருது, நாங்க கட்டி வைக்கறோம். ஜப்பான் ஐட்டம்க்கா” என்றார் கல்லாவில் இருந்த தம்பி. அரைக் கிலோ 280 ரூபாய். கவர்மேல் வெள்ளை ஒட்டுச்சீட்டு: ‘பாங்கோ கிரம்ப்ஸ், ஜப்பான் ஸ்டைல், 500 கிராம்’. வேறு ஒரு எழுத்து இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். கே.ஆர்.பி. அணைப் பக்கமிருந்து வாங்கி வந்த கட்லா மீனை முள்ளெடுத்து வறுப்பதாகவும், பசங்களுக்குச் சிக்கன் கட்சு போடுவதாகவும் ஏற்பாடு. நாத்தனார் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்றதற்கே உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்தோம். அவள் வருகிற நாளில் எங்கள் வீட்டில் கடலை எண்ணெய்கூட அடுப்பேறாது, சூரியகாந்தி எண்ணெய்தான்.

சிக்கனைத் தட்டி, மைதாவில் புரட்டி, முட்டையில் முக்கி, தூளில் ஒற்றி எண்ணெயில் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்திலேயே மேல்புறம் கருஞ்சிவப்பாகிவிட்டது. எடுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் பச்சைக் கறி. சரி, தீ அதிகம்போல என்று குறைத்து அடுத்ததைப் போட்டேன். அது எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று வந்தது. அப்புறம்தான் வாசனையைக் கவனித்தேன். அடுக்களை முழுக்க ஏலக்காய் மணம். பிரெட் தூளில் ஏலக்காய்க்கு என்ன வேலை?

மிச்சமிருந்த தூளைத் தாம்பாளத்தில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாவு மாதிரி நைஸாக இருந்தது. அதற்கு நடுவே ரஸ்க்கின் பழுப்பு ஓரங்கள். பல்லுப் பல்லாக விளிம்பு வைத்த பிஸ்கட் துண்டுகள். அதில் ஒன்றில் கம்பெனிப் பெயரின் அச்சு பாதி எழுத்தோடு அப்படியே இருந்தது. இன்னொரு துண்டை விரலால் நசுக்கினால், உள்ளே சிவப்புத் தோலோடு ஒரு வேர்க்கடலைச் சில்லு. கவரின் அடியில் கிடந்ததை முகர்ந்தால் காறல் வாடை. அந்தப் பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை, தெய்வாதீனம். பொரித்ததையும் எண்ணெயையும் கொட்டிவிட்டு, பாத்திரங்களை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, தோசை ஊற்றினோம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதில் ருசி, பதம் பற்றிய ஏமாற்றம் ஒரு பக்கம். நிஜ பாங்கோ எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்த மோசடி எவ்வளவு பெரியது என்று புரியும். ஜப்பானில் அதற்கென்றே வெள்ளை பிரெட் செய்கிறார்கள். அதில் ஒரு முறையில் அடுப்பே கிடையாது. மாவை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். மாவு தனக்குள்ளேயே சூடாகி வெந்துவிடும். வெளியிலிருந்து அனல் படாததால் பழுப்பு ஓரமே உண்டாகாது. சாதாரண ஓவனில் சுட்டு ஓரத்தை வெட்டி எடுத்துச் செய்வதும் உண்டு. பிறகு பிரெட்டை ஆறவிட்டு, அரைக்காமல் சீவலாகத் துருவி உலர்த்துகிறார்கள். அதனால் பார்ப்பதற்குத் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக, நீள நீளமாக, லேசாக இருக்கும். அந்தச் சீவல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறிவிடுகிறது. எண்ணெய் தங்காது, மொறுமொறுப்பு நிற்கும். டோன்கட்சு என்னும் பன்றிக்கறி வறுவல், இறால் ஃபிரை, கொரொக்கே என்னும் உருளைக்கிழங்கு கட்லெட் எல்லாம் அந்தப் பதத்தை நம்பித்தான் செய்கிறார்கள்.

ரஸ்க் என்பது ஏற்கெனவே இரண்டு முறை சுட்டது, சர்க்கரை நிறைய சேர்த்தது. எண்ணெயில் விழுந்ததும் சர்க்கரை முதலில் கருகும், உள்ளே கறி வேக நேரமே கிடைக்காது. எனக்கு நடந்தது அதுதான். ரஸ்க் தூளைப் போட்டு கட்லெட் செய்வது நம் வீடுகளில் காலகாலமாக இருக்கிறது, நானும் செய்வேன். உருளைக்கிழங்கு முன்பே வெந்தது, அதற்குப் பரவாயில்லை. பச்சைக் கறிக்கும் மீனுக்கும் அது ஆகாது. ரஸ்க் தூளை ரஸ்க் தூள் என்று சொல்லி அதன் விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பேக்கரியில் உடைசல் ரஸ்க்கை மலிவாகவே கொடுப்பார்கள். அதை வேறு பெயரில் 280 ரூபாய்க்கு விற்பதுதான் அநியாயம். அதிலும் எடை குறைவு: நான் எடுத்தது போக மீதியையும், எடுத்த இரண்டு கப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 440 கிராம்கூட வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். தம்பி “எல்லாருக்கும் இதுதான்க்கா கொடுக்கறோம், யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, “டீலர் கொண்டாந்து போடறார், அவருக்குத்தான் தெரியும்.” முதலாளி உள்ளேயிருந்து வந்தார். வயதில் பெரியவர், நான் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர்.

“பிரெட் தூளும் ரஸ்க் தூளும் ஒண்ணுதாம்மா. மொறுமொறுன்னு வந்தா சரிதானே?”

கொண்டுபோயிருந்த கடலைச் சில்லைக் காட்டி, பிள்ளைக்கு நடந்திருக்கக்கூடியதைச் சொன்னேன்.

“ஆகாதுன்னா நீங்கதானே பார்த்து வாங்கணும்? பிரிச்ச பாக்கெட்டு ரிட்டன் கிடையாதும்மா.”

பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால்கூட ஒருவேளை விட்டிருப்பேன். அந்தப் பதில்தான் என்னை விடவில்லை. பார்த்து வாங்குவதற்கு அந்தக் கவரில் என்ன இருந்தது? சேராத பொருள் இருக்கிறவர்களுக்கு அந்த லேபிள்தான் ஒரே காவல். 2020-இல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி, கட்டி விற்கும் பொருளில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் மாதிரி கொட்டை வகைகள், பால், முட்டை, சோயா, கோதுமை மாதிரி ஒவ்வாமை உண்டாக்குபவை இருந்தால் அதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். சேர்த்திருக்கும் பொருட்களின் பட்டியல், தயாரித்தவர் அல்லது கட்டியவரின் முகவரி, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, 14 இலக்க உரிம எண், சைவமா அசைவமா என்ற குறி, நிகர எடை, விலை எல்லாம் இருக்க வேண்டும். மூட்டையில் வாங்கிப் பிரித்துக் கட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். ‘டீலருக்குத்தான் தெரியும்’ என்பது பதிலே கிடையாது.

புகார் கொடுப்பது நினைத்த அளவுக்குச் சிரமமாக இல்லை. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கவர், ஒட்டுச்சீட்டு, தாம்பாளத்தில் பரப்பிய தூள், கடலைச் சில்லு, கடையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். எடைக்கும் பணத்துக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தனியாகப் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு வருடத்துக்குள் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. நாம் பிரித்துவிட்ட பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது சட்டப்படி மாதிரியாக நிற்பது கடினம். அதிகாரி கடையிலிருந்து பிரிக்காத பாக்கெட்டை முறைப்படி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பொதுமக்களும் மாதிரி எடுக்கலாம், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் வாங்கும்போதே, ‘இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். குற்றம் உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். லேபிள் குற்றத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இனி வாங்குபவர்களுக்கு. கவர் வழியாகவே பாருங்கள்: வெள்ளையாக, சீவல் சீவலாக இருக்க வேண்டும், அடியில் மாவாகத் தேங்கி நிற்கக் கூடாது. ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் வருவது கலர் சேர்த்தது, அது லேபிளில் இருக்கிறதா பாருங்கள். பொருட்கள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். கோதுமை மாவுக்கு அடுத்தே சர்க்கரை வந்தால் யோசியுங்கள். உரிம எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தளத்தில் தட்டினால் யாருடையது என்று காட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகை வாயில் போடுங்கள். இனிக்கக் கூடாது, ஏலக்காய் மணக்கவே கூடாது. (சேராமை இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.)

நான் இப்போது கடையில் வாங்குவதையே விட்டுவிட்டேன். இனிப்பில்லாத சாண்ட்விச் பிரெட் கேட்டு வாங்கி, நான்கு ஓரத்தையும் வெட்டிவிட்டு, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து இறுக விடுகிறேன். அதைக் கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவினால் நீளச் சீவலாக விழும். மிக்ஸியில் போட்டால் மாவாகிவிடும், அதில் பயனில்லை. தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவன் இருந்தால் 120 டிகிரியில் நிறம் மாறாமல் உலர்த்தலாம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான கடாயில் சின்னத் தீயில் கை விடாமல் கிளறினாலும் வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும், வெள்ளையாகவே இருக்க வேண்டும். நன்றாக ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டிய ஓரத்தை அரைத்தால் கட்லெட்டுக்கு ஆகும். இந்தத் தூளில் பிரட்டிய சிக்கனை 170, 175 டிகிரி சூட்டில் போடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சீவலைப் போட்டதும் சுற்றி நுரைத்து உடனே மேலே வந்தால் அதுதான் பதம். நாத்தனார் மகள் போன வாரம் வந்தபோது இதில்தான் மீன் பொரித்துக் கொடுத்தேன், பயமில்லாமல் சாப்பிட்டாள்.

அதிகாரிகள் கடையில் மாதிரி எடுத்துவிட்டார்கள். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 14 நாட்களில் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். வந்ததும் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன். அதுவரை, அதே வெள்ளை ஒட்டுச்சீட்டுப் பாக்கெட் உங்களிடம் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் அப்படியே வைத்திருங்கள், சீட்டோடு போட்டோ எடுத்து உங்கள் பங்குக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். தர்மபுரி, பாலக்கோடு பக்கமும் இதே சரக்கு வருகிறதென்றால், எந்த ஊர்க் கடையில் என்பதையும் அந்தப் புகாரிலேயே எழுதுங்கள். ஒரே டீலர்தான் எல்லா இடத்துக்கும் போடுகிறாரா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.